வாய்க்குத்தான் சத்தியம், டப்பாவுக்கு இல்லை

டோல்னா ரெக்கா
செப்டம்பர் 4

ஒலிவேராவுக்கு,

நீ என் மகனை விட்டுட்டு பஸ் ஏறின அன்னிக்கு, புனித நிகோலா படத்துக்கு முன்னால நின்னு சத்தியம் பண்ணினேன், இவகூட இனிமே ஒரு வார்த்தை பேசமாட்டேன்னு. அந்தச் சத்தியம் அப்படியேதான் இருக்கு. வாய் பேசாதுன்னுதான் சொன்னேன், கை எழுதாதுன்னு சொல்லல. அதனால இது பேச்சு இல்ல, கடுதாசி. நாலாங்கிளாஸோட நின்ன கை. எழுத்து கோணலா இருந்தா சிரிச்சுக்கோ. நீ என்னைப் பார்த்துச் சிரிக்கிறது புதுசா என்ன.

விஷயத்துக்கு வர்றேன். உன் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது உனக்குத் தெரியும். வலது பக்கம் மரத்துப் போச்சு, நாக்கும் பாதிதான் புரளுது. எல்லாம் கட்டில்லதான். நான் கொட்டாயில ஆடு கறந்துட்டு இருக்கும்போது அவர் கூப்பிட்டா எனக்கு எங்க கேக்கும்? அதுக்குத்தான் நெனாத் வியன்னாவுலேர்ந்து மூணு பேசற டப்பா வாங்கிட்டு வந்து மாட்டினான். ஒண்ணு கட்டில் தலைமாட்டுல, ஒண்ணு அடுப்படியில, ஒண்ணு கொட்டாயில. கட்டில்ல கூப்பிட்டா கொட்டாயில மணியடிக்கும். அதுக்கு முதல்ல ஏதோ வெளிநாட்டுப் பொம்பளைப் பேரைச் சொல்லணும். அரை நாக்கால அவர் அதைச் சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். ஆனாலும் சகிச்சுக்கிட்டேன்.

இப்போ அந்தக் கம்பெனி, நவம்பர் பொறந்ததும் எல்லாத்தையும் நிறுத்தறோம்னு சொல்லிடுச்சு. அவங்க ஊர்ல ஓடற மிஷின் நின்னா என் வீட்டு டப்பா செத்துப் போகுமாம். என் சுவரு, என் ஆணி, என் கரண்டு. நிறுத்தறவன் மட்டும் எவனோ!

நெனாத் போன்ல என்ன சொல்றான் தெரியுமா? "டப்பா நின்னா நீ ஒத்தையா பாத்துக்க முடியாதும்மா. நீஷ்ல முதியோர் இல்லம் ஒண்ணு பாத்துட்டேன், கட்டிலும் சொல்லி வச்சாச்சு. டிசம்பர்ல நிகோலா திருநாளுக்கு வரும்போது அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்"ங்கறான். அந்த வீட்டுக்குப் போனா உன் மாமா சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவார். அப்புறம் திரும்பவே மாட்டார். எனக்குத் தெரியும்.

ஊசி போட வர்ற நர்ஸ் ஸ்லவிட்சா சொன்னா, கம்பெனியே இல்லாம வீட்டுக்குள்ளயே டப்பாவை ஓட வைக்கிற புரோகிராம் இருக்காம். சும்மாவே கிடைக்குமாம். எதைப் போடறதுன்னும் எப்படிப் போடறதுன்னும் தெரிஞ்ச ஆள்தான் வேணுமாம். எனக்குத் தெரிஞ்சு அந்த ஆள் நீ ஒருத்திதான். கடவுளுக்கு என்கிட்ட விளையாட்டு.

அதுக்காக, நிகோலா நாளுக்கு வீட்டுல வேக வச்சுப் படைக்க வேண்டிய இனிப்புக் கோதுமையை நீ கடையில பிளாஸ்டிக் டப்பாவுல வாங்கிட்டு வந்ததை மறந்துட்டேன்னு நினைக்காதே. பாதிரியார் அந்த மூடியைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுல நிக்குது.

ஸ்டாமென்கா


நோவி சாத்
செப்டம்பர் 12

அத்தை,

இப்படி ஆரம்பித்தால் கிழித்துப் போடுவீர்களோ என்று யோசித்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்றும் தெரியவில்லை.

செய்து தருகிறேன். உங்களுக்காக இல்லை. நான் கிளம்பிய அன்று என் பெட்டியைப் பேருந்து நிறுத்தம் வரை தூக்கி வந்தவர் மாமா. வண்டி நகரும்போது, "ஜன்னலை மூடிக்கோ, ஊதக்காத்து அடிக்கும்" என்றார்.

ஒரு வாரமாக எதைப் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவையெல்லாம் யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்திருக்கும் மென்பொருள்கள். எந்தக் கம்பெனியும் தொலைவிலிருந்து நிறுத்த முடியாது. ஒன்று எல்லா வேலையும் செய்கிறது, ஆனால் நம் மொழி அதற்கு அரைகுறை. இன்னொன்று உலகத்தில் யார் என்ன பேசினாலும் எழுதிக் காட்டுமாம். உங்கள் பேத்தி துன்யாவை வாய் நிறைய ரொட்டியை அடைத்துக்கொண்டு பேசச் சொல்லிப் பார்த்தேன், அது திணறிவிட்டது. மாமாவின் நாக்கை அதனிடம் விட முடியாது.

கடைசியாக ஒன்று கிடைத்தது. அதற்கு நாம் சொல்லிக் கொடுத்த வாக்கியங்கள் மட்டும்தான் தெரியும். வேறு எதுவும் தெரியாது. அவர் எப்படிக் குழறினாலும், தனக்குத் தெரிந்த அந்தச் சிலவற்றில் எது நெருக்கம் என்று பார்த்து எடுத்துக்கொள்ளும். ஊரார் பேச்சு அதற்குப் புரிய வேண்டாம், மாமா பேச்சு புரிந்தால் போதும். இதையே போடுகிறேன்.

எனக்கு வேண்டியது: மாமா இப்போது என்னென்ன வார்த்தைகள் சொல்கிறார் என்று அப்படியே எழுதுங்கள். திருத்தி, அழகுபடுத்தி எழுத வேண்டாம். அவர் எதைத் தெளிவாகச் சொல்கிறாரோ அதையே டப்பாவைக் கூப்பிடும் வார்த்தையாக வைத்துவிடலாம். ஸ்லவிட்சாவை அவர் குரலைத் தன் போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுப்படி டப்பாவையும் கொட்டாய் டப்பாவையும் பேருந்து டிரைவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

கோதுமை விஷயம்: அன்று துன்யாவுக்குக் காய்ச்சல். இரவெல்லாம் என் தோளில் கிடந்தாள். நான் செய்து வந்த சீஸ் அடையை நீங்கள் கோழிக்குப் போட்டீர்களே, அதற்கு என்ன காய்ச்சல்?

ஒலிவேரா


டோல்னா ரெக்கா
செப்டம்பர் 21

ஒலிவேராவுக்கு,

உன் மாமா பெட்டி தூக்கினதை ஜன்னல் வழியா நானும் பார்த்தேன். அந்தக் கோவமும் தனியா இருக்கு.

டப்பா ரெண்டையும் துணியில சுத்தி டிரைவர் கையில குடுத்தாச்சு. கூடவே சுட்ட மிளகாய்த் தொக்கு ஒரு ஜாடி. அது உனக்கில்ல, துன்யாவுக்கு. நீ தொட்டா எனக்குத் தெரியும்.

வார்த்தை கேட்டே. எழுதறேன், மூஞ்சியைச் சுளிக்காதே. "வா"ம்பார். "தண்ணி"ம்பார், ஆனா பாதிதான் வரும். விளக்கைப் பார்த்துக் கையை ஆட்டி "லி, லி"ம்பார். இதெல்லாம் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. மணி மாதிரி கணீர்னு வர்றது ஒண்ணே ஒண்ணுதான். "நாசமாப்போ."

ஆமா. வாழ்நாள்ல ஈயைக்கூட திட்டாத மனுஷன். பேச்சு போன அப்புறம் இந்த ஒண்ணு மட்டும் எங்கிருந்தோ முளைச்சு வந்துச்சு. நான் சூப் ஊட்டினா "நாசமாப்போ." தலையணை சரி பண்ணினா அன்பா, "நாசமாப்போ." திட்டு மூளையில வேற அறையில குடியிருக்குன்னு டாக்டர் சொன்னார். நல்ல அறையாப் பார்த்துத்தான் குடி வச்சிருக்கு.

ஸ்லவிட்சா குரல் பிடிச்சுட்டா. அவளுக்குக் கஷ்டமே இல்ல. ஊசியைக் காட்டினா, அவர் ஊசி தீர்ற வரைக்கும் அதையே சொன்னார்.

வேற வார்த்தை ஏதாவது வை. அவர் தலைக்கு மேல புனித நிகோலா படம் இருக்கு.

இன்னொண்ணு, பொம்பளைக் குரல் கூடாது. என் புருஷன் ரூம்ல ராத்திரி பகல்னு எவளோ குழைஞ்சு பேசினது போதும்.

டப்பா திரும்பி வர்ற வரைக்கும் அவர் இடது கையில ஆட்டு மணி ஒண்ணைக் கட்டி விட்டிருக்கேன். கொட்டாயில நிக்கும்போது எந்த மணி ஆடு, எந்த மணி புருஷன்னு புரிய மாட்டேங்குது. சீக்கிரம் செய்.

ஸ்டாமென்கா


நோவி சாத்
அக்டோபர் 23

அத்தை,

பார்சல் இந்தக் கடிதத்தோடு பேருந்தில் வருகிறது. கோபப்படாமல் படியுங்கள்.

கொட்டாய் டப்பாவைத் திறந்து, கம்பெனி எழுதியதை அழித்துவிட்டு நம்முடையதை எழுத முடிந்தது. அடுப்படி டப்பா வேறு ரகம், உள்ளே பூட்டு. இரண்டு இரவு முயன்று தோற்றேன். அதற்குப் பதிலாகவும் கட்டிலுக்காகவும் இரண்டு சின்னப் பெட்டிகள் புதிதாக வைத்திருக்கிறேன். நெனாத் மாட்டிய கட்டில் டப்பாவைக் கழற்றிவிடலாம். கூடவே தடிமனான புத்தகம் அளவுக்கு ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் இருக்கும். அதுதான் மூளை. மாமாவின் பேச்சைக் கேட்டு முடிவெடுப்பது அதுதான். இனி அவர் குரல் உங்கள் வீட்டைத் தாண்டி எங்கும் போகாது. அதை எப்போதும் மின்சாரத்தில் வைத்திருங்கள். ஸ்லவிட்சா வரும்போது ஒயர்களை மாட்டச் சொல்லுங்கள், வண்ண நூல் கட்டியிருக்கிறேன்.

கூப்பிடும் வார்த்தை நீங்கள் பயந்த வார்த்தையேதான். வேறு வழி இல்லை. ஸ்லவிட்சா அனுப்பிய பதிவுகளை வைத்துப் பழக்கியதில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அவர் "நாசமாப்போ" என்றால் டப்பா "சொல்லுங்க" என்று காத்திருக்கும். பிறகு "வா" என்றால், அடுப்படியிலும் கொட்டாயிலும் மாமா பெயரைச் சொல்லி "விடோமிர் கூப்பிடறார்" என்று சத்தம் வரும். "லி" என்றால் விளக்கு. ஆண் குரல்தான். கொஞ்சம் பாதிரியார் சாயல் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்படிப் பெட்டியின் நடுவில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்திக்கொண்டு பேசினால் உங்கள் குரல் கட்டில் பக்கம் கேட்கும்.

தொக்கைத் தொட்டேன். நன்றாக இருந்தது.

ஒலிவேரா


டோல்னா ரெக்கா
நவம்பர் 8

ஒலிவேராவுக்கு,

நான் அப்பவே நினைச்சேன். உன் கை பட்டது எது நிலைச்சிருக்கு?

முதல் நாள் நல்லாத்தான் இருந்துச்சு. அவர் திட்டினார், அது "சொல்லுங்க"ன்னுச்சு. உன் மாமா கண்ணு இவ்வளவு பெரிசா விரிஞ்சுது! எத்தனையோ மாசத்துக்கப்புறம் ஒருத்தன் தன் பேச்சுக்கு உடனே பதில் சொன்னான்னு. அன்னிக்கு என்னை எத்தனை தரம் கொட்டாயிலேர்ந்து வரவழைச்சார் தெரியுமா? வந்து பார்த்தா ஒண்ணும் வேணாம், சும்மா சிரிக்கிறார். நானும் கால் வலிக்க ஓடினேன். திட்டல. பெரிசா திட்டல.

மறுநாள் மதியமே எல்லாம் செத்துப் போச்சு. கரண்டை எடுத்து மாட்டினா கொஞ்ச நேரம் முழிக்கும், அப்புறம் மறுபடி மூச்சு நின்னுடும். பழைய டப்பாவும் போச்சு, கம்பெனி சொன்ன மாதிரியே. இப்போ அவர் திட்டறார், யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. பதில் வரும்னு அந்தக் கறுப்புப் பெட்டியையே பார்த்துட்டுப் படுத்திருக்கார். அதுக்கு ஆட்டு மணியே தேவலாம். மணிகிட்ட அவர் எதையும் எதிர்பார்க்கல.

நெனாத்கிட்ட டப்பா நல்லா ஓடுதுன்னு பொய் சொல்லி வச்சிருக்கேன். அவன் வந்து பார்த்தா நீஷ்தான்.

ஸ்டாமென்கா


நோவி சாத்
நவம்பர் 13

அத்தை,

கம்பெனிக்காரர்கள் என்றால் தங்கள் ஊரிலிருந்தே உங்கள் டப்பாவுக்குள் எட்டிப் பார்ப்பார்கள். நான் அப்படி ஒரு வாசலே வைக்கவில்லை. அதனால் உங்கள் கண்தான் என் கண்.

கறுப்புக் கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? அதன் மேலே, கீழே, பக்கத்தில் என்ன இருக்கிறது? தொட்டால் எப்படி இருக்கிறது? ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். என் மேல் உள்ள கோபத்தை எழுதும்போது எதையும் விடுவதில்லையே, அந்த மாதிரி.

ஒலிவேரா


டோல்னா ரெக்கா
நவம்பர் 18

ஒலிவேராவுக்கு,

எங்க இருக்கும்? அவர் தலைமாட்டுல, சின்ன மேசை மேலதான். மொட்டையா கிடந்துச்சு, அநாதைப் பிணம் மாதிரி. என் வீட்டுல எந்தச் சாமான் மொட்டையா கிடந்து பார்த்திருக்கே? டி.வி.க்கு இருக்கு, போனுக்கு இருக்கு. அதனால குரோஷா விரிப்பு ஒண்ணு புதுசா பின்னி மேல போட்டேன், ரோஜாப்பூ போட்டது. பக்கமெல்லாம் நல்லா தொங்கற மாதிரி.

தொட்டா எப்படி இருக்குன்னு கேட்டே. இஸ்திரிப் பெட்டி மாதிரி இருக்கு. சூடு நல்லதுதானேன்னு விட்டுட்டேன், குளிர்காலம்.

இன்னொரு அயோக்கியத்தனம் பண்ணியிருக்கே, அதையும் சொல்லிடறேன். அதோட பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்கு. அதுலேர்ந்து எந்நேரமும் காத்து ஊதுது, நேரா உன் மாமா பிடரிக்கு! பக்கவாதம் வந்த மனுஷன் பிடரியில ஊதக்காத்து விடலாமா? படிச்சவளுக்கு இது தெரியாதா? என் பெரியப்பா அப்படித்தான் போனார், எதிரெதிரா இருந்த ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல உக்காந்து. நான் உடனே பஞ்சை உருட்டி ஓட்டையை அடைச்சுட்டேன். இல்லேன்னா இந்நேரம் அவரையே அடக்கம் பண்ணியிருப்போம்.

ஸ்டாமென்கா


நோவி சாத்
நவம்பர் 22

அத்தை,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரிக்க வேண்டியதாயிற்று. அது உடையவில்லை, அத்தை. ஒன்றுமே உடையவில்லை. எத்தனை நாளாக எந்த வரியில் தப்பு செய்தேன் என்று தூங்காமல் தேடினேன் தெரியுமா?

அந்த ஓட்டைதான் அதன் மூக்கு. உள்ளே சூடானால் ஒரு குட்டி விசிறி சூட்டை வெளியே ஊதும். நீங்கள் மூக்கில் பஞ்சு அடைத்து, மேலே ரோஜாப்பூ போர்வையும் போர்த்திவிட்டீர்கள். எரிந்து போகாமல் இருக்க அதுவே தன்னை அணைத்துக்கொண்டது.

ஆனால் தப்பு என்னுடையதும்தான். ஊதக்காற்று வீசும் ஒரு சாமானை இந்த நாட்டில் ஒரு நோயாளியின் தலைமாட்டில் வைக்கலாம் என்று நினைத்தேனே. மாமாவே எனக்குக் கடைசியாகச் சொன்னது ஜன்னலைப் பற்றித்தானே.

பஞ்சை எடுங்கள். கம்ப்யூட்டரை ஊறுகாய் ஜாடி வைக்கும் உள்ளறைக்குக் கொண்டு போங்கள். அங்கே யார் பிடரியும் இல்லை. கட்டில் பக்கம் சின்னப் பெட்டி மட்டும் இருக்கட்டும், அது ஊதாது. விரிப்பை அதற்குப் போடலாம், பூ வேலை கண்ணி விட்டுத்தானே பின்னுவீர்கள், குரல் வெளியே வரும்.

ஒலிவேரா


டோல்னா ரெக்கா
டிசம்பர் 6

ஒலிவேராவுக்கு,

பஞ்சை எடுத்தாச்சு. ஜாடிக்கு நடுவுல வச்சாச்சு. அன்னியிலேர்ந்து ஒரு நாள்கூட மூச்சு நிக்காம ஓடுது. ஊதினா முட்டைக்கோஸ் ஊறுகாய்க்குத்தான் ஊதும், அதுக்குப் பக்கவாதம் வராது. ஆட்டு மணியை ஆட்டுக்கே திருப்பிக் கட்டிட்டேன்.

நம்ம வீட்டுப் புனிதரோட ஸ்லாவா விருந்துக்கு முன்னால தண்ணி மந்திரிக்கப் பாதிரியார் வந்தார். தீர்த்தம் ஒரு சொட்டு உன் மாமா மூஞ்சியில பட்டுச்சு. உடனே அவர் கணீர்னு சொன்னார். டப்பா அதைவிடக் கணீர்னு, "சொல்லுங்க." பாதிரியார் சிலுவைக் குறி போட்டுக்கிட்டு, "அது யாரும்மா, என் குரல்ல?"ன்னார். நான் தரையைப் பார்த்துட்டே, "மருமக வேலை, சாமி"ன்னேன். வாய் தவறி வந்துடுச்சு. முன்னாள்னு சேர்க்கறதுக்குள்ள அவர் அடுத்த ரூமுக்குப் போயிட்டார்.

நிகோலா நாள் பத்தொன்பதாம் தேதி. நம்ம வழக்கம் உனக்குத் தெரியும். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கக் கூடாது. வர்றவங்க தானா வருவாங்க, கதவு திறந்திருக்கும். அதனால நான் உன்னை அழைக்கல. அழைச்சேன்னு யார்கிட்டயும் சொல்லாதே.

நெனாத் காரை எடுத்துட்டு வர்றானாம். பின் சீட்டை மடக்கி மெத்தை போட்டுக் கொண்டு வர்றேன்னு சொன்னான். நான் போனை வச்சுட்டு ஆடு கறக்கப் போயிட்டேன்.

ஸ்டாமென்கா


டோல்னா ரெக்கா
டிசம்பர் 22

ஒலிவேராவுக்கு,

நிகோலா நாள் அன்னிக்கு, நீ வர்றதுக்கு முன்னால காலையில நடந்ததை உனக்குச் சொல்லணும்னு நாக்குத் துடிச்சுது. சத்தியம் தடுத்துச்சு. அதனால எழுதறேன்.

முந்தின ராத்திரி பனியில வேலமரம் ஒண்ணு முறிஞ்சு ஒயர் மேல விழுந்துச்சு. கரண்டு தப்பிச்சுது, போனும் நெட்டும் ஊர் முழுக்கச் செத்துது. நெனாத் வந்ததும் வராததுமா தன் போனை ஆட்டிப் பார்த்தான். "பாரும்மா, நெட்டே இல்ல. இப்போ உன் டப்பா வெறும் சவம். இதை நம்பியா அப்பாவை இங்க வச்சிருக்கே?"ன்னான். மெத்தை கார்ல விரிச்சு ரெடியா கிடந்துச்சு. நெட்டு இல்லேன்னா ஓடுமான்னு எனக்கே சந்தேகம். குரல் வீட்டைத் தாண்டாதுன்னு நீ எழுதினது ஞாபகம் வந்துச்சு, ஆனா நீ எழுதினதையெல்லாம் நான் எப்போ நம்பியிருக்கேன்?

ஆடு காத்திருக்காதே. கறக்கப் போனேன். அவன் பின்னாலேயே கொட்டாய்க்கு வந்தான். "இந்தா, இப்போ அப்பா கூப்பிடறார்னு வச்சுக்கோ. உனக்கு எப்படிம்மா தெரியும்? எப்படி?"ன்னு கேட்டான். நான் நிறுத்தாம கறந்துட்டே இருந்தேன்.

அப்போ சுவத்துலேர்ந்து பாதிரியார் குரல்: "விடோமிர் கூப்பிடறார்."

பால் குவளை கவுந்துச்சு. கவுந்தா கவுழட்டும். அவன் எனக்கு முன்னால ஓடினான், சின்னப் பையன் மாதிரி. நான் போய்ச் சேர்ந்தப்போ கட்டில் பக்கத்துல மண்டி போட்டிருந்தான். "என்னப்பா வேணும்? என்ன வேணும்?"ங்கறான். உன் மாமாவுக்கு ஒண்ணும் வேணாம். கார் சத்தம் கேட்டிருக்கு, மகன் மூஞ்சியைப் பார்க்கணும், அவ்வளவுதான். இடது கையால அவன் கன்னத்தைத் தடவி, அன்பா, "நாசமாப்போ"ன்னார். டப்பா, "சொல்லுங்க"ன்னுச்சு. நெனாத் அழுதானா சிரிச்சானான்னு நான் பார்க்கல. வெளிய போய் மெத்தையைத் தானே சுருட்டினான். நீஷ் கட்டில் வேணாம்னு சொல்றதுக்கு, போன் வேலை செய்யற இடம் தேடி மலை மேல ஏறினான். நீங்க பஸ்ஸை விட்டு இறங்கினப்போ அவன் மூக்கு ஏன் சிவந்திருந்துச்சுன்னு துன்யா கேட்டாளே, அதுக்குப் பனி மட்டும் காரணமில்ல.

மத்தது உனக்கே தெரியும். நான் உன்கூட ஒரு வார்த்தை பேசல. புனிதர் சாட்சி. அடுப்படியில நின்னு பொத்தானை அழுத்தி, "மீன் ஆறுது, நோவி சாத்திலேர்ந்து வந்தவங்களுக்குப் பசிக்காதா?"ன்னு சொன்னது டப்பாகிட்ட. "அந்த மூலையில உக்காராதே, ஜன்னல் சந்துல காத்து வருது"ன்னு சொன்னதும் டப்பாகிட்டதான். அந்த ரூம்ல இருந்தவங்க காதுல விழுந்தா அதுக்கு நான் பொறுப்பில்ல.

நீ கொண்டு வந்த கோதுமையை உன் கையால வேக வச்சேன்னு துன்யா சொன்னா. கொஞ்சம் குழைஞ்சிருந்துச்சு. தட்டைக் கழுவும்போது பார்த்தேன், ஒரு மணி மிச்சமில்ல. கோழிக்கு நான் போடல. அந்தச் சீஸ் அடை சாப்பிட்ட கோழி மட்டும், அந்த வாரம் நல்லா முட்டை போட்டுச்சுன்னு இப்போ ஞாபகம் வருது.

ஒரு வேலை பாக்கி இருக்கு. நீ போனதிலேர்ந்து உன் மாமா ஒரு புது வார்த்தை சொல்றார். கதவைப் பார்த்து, மெதுவா, "ஒல்யா"ங்கறார். அவர் உன்னைக் கூப்பிடற பேரு அது, எனக்கு அந்தச் செல்லம் எப்பவும் பிடிக்காது. அவர் சொல்றார், டப்பா முழிக்குது, அதுக்குத் தெரியல. சொல்லிக் குடுக்காத வார்த்தை அதுக்குத் தெரியாதுன்னு நீதானே எழுதினே. அந்த வார்த்தையைச் சொன்னா டப்பா என்ன செய்யணும்னு நீயே பார்த்து எழுது.

ஸ்டாமென்கா


நோவி சாத்
டிசம்பர் 28

அத்தை,

இதோடு ஒரு சின்னக் குச்சி வருகிறது. கறுப்புக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் செருகச் சொல்லி ஸ்லவிட்சாவிடம் கொடுங்கள், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். புது வார்த்தையை எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டில் பேசுவது எதுவும் வெளியே போகக் கூடாது என்றுதான் எல்லாக் கதவையும் அடைத்திருந்தேன். இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறேன். மாமா "ஒல்யா" என்றால் இங்கே என் போன் அடிக்கும். நான் எடுத்தால் என் குரல் அவர் கட்டில் பக்கம் கேட்கும். எடுத்ததும் என்ன சொல்வார் என்று தெரியும், நான் தயாராக இருக்கிறேன்.

அந்தப் பெட்டி வழியாக அடுப்படிச் சத்தமும் எனக்குக் கேட்கும். நீங்கள் என்னோடு பேச வேண்டாம். பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக உருட்டினால் போதும், பக்கத்தில்தான் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வேன்.

ஒல்யா